வெர்னா கிட்டோவின் தேள்

ஆர்ச்சி கிட்டோவை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் சுரங்கத் தொழிலாளர் கிளப்பில் தேநீருக்குக் கூடியிருந்தபோது, அவனுடைய தம்பி கிளைவ் எழுந்து பேசினான். அண்ணனைப் பற்றித்தான் ஆரம்பித்தான். ஆனால் எந்தப் பேச்சை எடுத்தாலும் தேளில் கொண்டுவந்து விடுவது அவன் வழக்கம். தான் தேளைக் கட்டிய அந்த ஏழு வாரமும், ஷிப்ட் முடிந்து வந்த களைப்போடு ஆர்ச்சி தனக்கு விளக்குப் பிடித்ததாகச் சொன்னான். பிறகு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்தான்.

"நம்ம வெர்னாவையும் மறக்கக் கூடாது. அவ சாண்ட்விச் செஞ்சு குடுக்கலேன்னா நாங்க ரெண்டு பேரும் பட்டினிதான்."

துக்க நாள் என்பதால் அளவோடு சிரித்தார்கள். நான் அப்போது வேறொரு கண்டத்தில் யாருடைய தோட்டத்திலோ ஆப்பிள் பறித்துக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னது என் அம்மா. வெர்னா கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்துவிட்டு, காகிதத் துண்டால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாளாம். அடுத்த வாரம், முன்பக்கம் நசுங்கிய ஒரு பழைய யூட்டை லாரியில் ஏற்றிவந்து, எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த தன் வீட்டு ஷெட்டில் இறக்கினாள். பின்னால் தொட்டி வைத்த அந்த மாதிரி வண்டிகள் இப்போது கிடைப்பதே அபூர்வம். அறுபத்திரண்டு வயதில், புருஷன் போன ஒன்பதாம் நாள், இது எதற்கு என்று தெருவே கேட்டது. பொழுது போகவில்லை என்றாள்.

தேள் என்றால் எங்கள் ஊரில் ஒரே ஒரு பொருள்தான். எழுபத்தொன்பதில் ஒரு சினிமாக் கம்பெனி இங்கே வந்தது. உலகம் காய்ந்து போன பிறகு தண்ணீர் திருடுகிறவர்களைப் பற்றிய கதை. செட் போடும் செலவு மிச்சம் என்று எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். கதாநாயகனைவிட அதில் முக்கியம் ஒரு கறுப்பு வண்டி. அதன் முதுகில் இரும்பு வால். ஓடும்போதே அந்த வால் சவுக்கு மாதிரி இறங்கிப் பக்கத்து வண்டியிலிருந்து தண்ணீர் பீப்பாயைக் கொக்கிபோட்டு எடுக்க வேண்டும். இயக்குநரிடம் இருந்தது ஒரு பென்சில் படம் மட்டும். இதைச் செய்ய ஆள் யார் என்று கேட்டபோது, மூன்று இடத்தில் மூன்று பேரும் வெர்னாவைத்தான் காட்டினார்கள். லாரி பட்டறை வைத்திருந்தவர் மகள், பதினான்கு வயதிலிருந்து வெல்டிங் பிடித்தவள்.

ஆனால் அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் விரலில் மோதிரம் ஏறிய பெண் கூலிக்கு வேலை செய்யக் கூடாது. ஒரு வீட்டுக்கு ஒரு சம்பளம் போதும், மற்றது வேலையில்லாதவனுக்கு என்பது சுரங்கத் தொழிற்சங்கம் வைத்த விதி. சட்டத்தில் இல்லாத விதிதான், ஆனால் சட்டத்தை மீறியவனுக்கு அபராதம் மட்டும்தான் உண்டு. இதை மீறியவனோடு சுரங்கத்துக்குள் யாரும் பேச மாட்டார்கள். பெண்டாட்டி ரகசியமாகத் துணி தைத்துக் கொடுத்தாள் என்பதற்காக ஒருவன் மூன்று வருடம் பூமிக்கடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். ஆகவே வேலை கிளைவ் பெயரில் எழுதப்பட்டது. கிளைவுக்கு அப்போது இருபத்தைந்து வயது, முதுகுவலி என்று எந்த வேலைக்கும் போகாமல் இருந்தான். ஏழு வாரமும் ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு வெர்னா பற்றவைத்தாள். கிளைவ் வாசலில் நாற்காலி போட்டு, யாராவது வந்தால் கையுறையை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றான். மற்ற நேரத்தில் ரேடியோவில் குதிரைப் பந்தயம் கேட்டான்.

படத்தின் கடைசியில் ஓடும் பெயர்களில் தேளுக்கு நேராக வந்தது கிளைவ் கிட்டோ.

இதையெல்லாம் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. இந்தப் படத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் இருந்தார்கள். உலகமே பார்த்தது. பத்து வருடத்தில் ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஆட்கள் வந்து கிளைவின் கையைக் குலுக்கினார்கள். சங்கம் அந்த விதியைக் கைவிட்டுச் சில வருடம் ஆகியிருந்தது. வெர்னா வாயைத் திறக்கலாமா என்று ஆர்ச்சியைக் கேட்டாள். தன்கூட வேலை செய்கிறவர்கள் தன்னை ஏமாற்றுக்காரன் என்று நினைப்பதைத் தாங்க மாட்டேன் என்றான் ஆர்ச்சி. நான் உயிரோடு இருக்கிறவரைக்கும் வேண்டாம் என்றான். அவள் சரி என்றாள். கொடுத்த சொல்லை முப்பது வருடம் காத்தாள். அவன் நுரையீரலில் தூசி ஏறிப் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் கொஞ்சநாள் சும்மா இருந்திருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த சாண்ட்விச்தான் காரியத்தைக் கெடுத்தது.

இன்னொன்றும் உண்டு. வெர்னா வைத்த வாலின் கீல் வண்டியின் இடப்பக்கம் இருந்தது. படத்தின் புகழ்பெற்ற துரத்தல் காட்சியில் அது வலப்பக்கம் தெரிகிறது. எல்லா வண்டியும் ஒரே திசையில் ஓடவேண்டும் என்பதற்காக அந்தத் துண்டை மட்டும் படச்சுருளைத் திருப்பிப்போட்டு ஒட்டியிருந்தார்கள். தியேட்டரில் அதைப் பார்த்து வெர்னா சத்தமாகச் சிரிக்க, ஆர்ச்சி தொடையில் கிள்ளினான். கிளைவுக்கு அது புரியவே இல்லை. பின்னாளில் ஒரு பத்திரிகைக்காரன், ஒரு காட்சியில் இடம், ஒரு காட்சியில் வலம், எப்படி என்று கேட்டபோது, கிளைவ் அசராமல் தான் இரண்டு தேள் செய்ததாகச் சொல்லிவிட்டான். அசலைப் படக் கம்பெனி அப்போதே பழைய இரும்புக்குப் போட்டிருந்தது; இரண்டாவது எங்கே என்று கேட்டார்கள். வடக்கே உள்ள கைவிட்ட சுரங்கக் குழியில் தள்ளிவிட்டதாகச் சொன்னான். அன்றிலிருந்து அந்தக் குழிக்கு யாத்திரை போகிறார்கள். பியர் ஊற்றுகிறார்கள், பூ போடுகிறார்கள். நான் பதினோரு நாடு சுற்றியிருக்கிறேன். இல்லாத வண்டிக்குப் பூ போடுகிறவர்களை வேறெங்கும் பார்க்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது வெர்னாவின் வண்டி பாதிக்கு மேல் முடிந்திருந்தது. வீட்டில் உட்காரப் பிடிக்காமல் அடிக்கடி அந்த ஷெட்டுக்குப் போவேன். மற்றவர்கள் தேள் கட்டும்போது சுவர் முழுக்கப் படத்தின் காட்சிகளை ஒட்டிவைத்து, கண்ணாடி வைத்து அளப்பார்கள். அவள் சுவரில் ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு காற்றில் சாண் போட்டு அளப்பாள், பிறகு தகட்டை வெட்டுவாள். மணல் மூட்டைமேல் வைத்துச் சுத்தியலால் தட்டியே கதவின் வளைவைக் கொண்டுவந்தாள். கிளைவின் படம் வந்த செய்தித்தாள்களையெல்லாம் பல வருடமாகச் சேர்த்து வைத்திருந்தாள். பெயின்ட் அடிக்கும்போது ஜன்னல் கண்ணாடியை மறைத்து ஒட்ட அவை உதவின. ஒருநாள் முழுக்க நாற்பது கிளைவ்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், மாலையில் எல்லோரும் கறுப்பாகிப் போனார்கள்.

இடது கதவுக்குக் கீழே ஒரு வெல்டிங் கோணலாக ஓடியது. அவள் கைக்குக் கோணல் வராதே என்று கேட்டேன். அசலில் அப்படித்தான், அன்று மூன்று மாத வயிறு, வாந்தி எடுத்துக்கொண்டே போட்டது என்றாள்.

"அதை நேரா போட்டா என்ன?"

"தப்பும் நான் செஞ்சதுதானே. அதை மட்டும் எதுக்கு விட்டுக் குடுக்கணும்?"

பத்திரிகைக்குச் சொல்லிவிட்டால் முடிந்தது, எதற்கு இத்தனை வருடப் பாடு என்றும் கேட்டேன். அவள் கிரைண்டரை நிறுத்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"நான் சொன்னா, பாவம் கிழவி, புருஷன் போனதும் புத்தி பிசகிடுச்சுன்னு அவனே என் தோள்ல கை போட்டுச் சொல்வான். நான் சொல்லக் கூடாது. அவன் சொல்லணும். ஈஸ்டர் அன்னிக்கு, எல்லார் முன்னாடியும், அவன் சட்டையில மாட்டிக்கிற அந்த மைக்ல."

ஈஸ்டர் சனிக்கிழமைதான் எங்கள் ஊரில் தேள் கூட்டம். நாடெங்கும் வீட்டு ஷெட்டுகளில் தேள் கட்டியவர்கள் அவற்றை ஓட்டிக்கொண்டு வந்து, பழைய குதிரைப் பந்தய மைதானத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். கிளைவ் வெள்ளைத் தொப்பியோடு வரிசை நெடுக நடந்து, பிடித்த வண்டியின் முன்மூடியில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவான். அந்த இரண்டு தட்டுக்காக ஆறு வருடம் உழைத்தவர்கள் உண்டு. தட்டு வாங்கியதும் அழுதவர்களையும் பார்த்திருக்கிறேன். அநேகமாக எவனுடைய தேளிலும் வால் அசையாது. ஹைட்ராலிக் வைத்தவர்களுக்கும் வால் நீர்யானை எழுந்திருப்பதுபோலத்தான் இறங்கும். படத்தில் மட்டும் எப்படி அத்தனை வேகம் என்று கேட்டால் கிளைவ் கண்ணடிப்பான். படத்தை வேகமாக ஓட்டிக்காட்டினார்கள், சினிமா என்றால் அப்படித்தான் என்பான்.

அந்த வருடம் முப்பத்தொரு தேள் வந்திருந்தது. எல்லாவற்றிலும் கீல் வலப்பக்கம், சுவரொட்டியில் இருப்பதுபோல. வெர்னா கடைசியாக வந்தாள். அவள் இஞ்சினை நிறுத்தும்போதே பாதிப் பேர் அவள் வண்டியைச் சுற்றிக் கூடியிருந்தார்கள். அது நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னால் போதாது. மற்ற முப்பத்தொன்றும் சட்டென்று பொம்மைகளாகிவிட்டன.

கிளைவ் ஒருகணம் தடுமாறினான். பிறகு கையை விரித்துக்கொண்டு வந்தான். பாருங்கள், என் அண்ணி என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்று மைக்கில் சொன்னான். வண்டியைச் சுற்றி வந்தவன் இடப்பக்கம் நின்றான்.

"வால் மாறிப் போச்சே, வெர்ன். ஓ, சரி சரி, நீ முதல் வண்டியைச் செஞ்சிருக்கே. கரடுமுரடா இருந்ததே, அது. ரெண்டாவதுலதான் நான் எல்லாத்தையும் சரி பண்ணேன்."

நாட்டின் மேற்குக் கரையிலிருக்கும் பெர்த்திலிருந்து மூன்று நாள் ஓட்டி வந்திருந்த வாரிக் என்ற ஒல்லியான மனிதர் முன்னால் வந்தார். அந்தப் படத்தை எண்ணூறு முறை பார்த்தவர் என்பார்கள். துரத்தல் காட்சியில் ஓட்டுகிறவனின் கைக்கடிகாரம் வலதுகையில் இருக்கிறதே, மற்ற எல்லாக் காட்சியிலும் இடதுகையில்தானே என்று நீண்டநாள் சந்தேகத்தைக் கேட்டார். கிளைவ் சிரித்து, நடிகனுக்கு மறதி என்றான்.

வெர்னா வண்டியிலிருந்து இறங்கி, கதவைத் திறந்து பிடித்தாள்.

"முதல் வண்டியோ ரெண்டாவதோ, நீ செஞ்சதுதானே. உக்காரு. வாலை இறக்கிக் காட்டு."

வாலுக்கு நேர்கீழே தண்ணீர் நிரம்பிய பீப்பாய் ஒன்றை அவள் முன்பே வைத்திருந்தாள். கூட்டம் கை தட்டியது. மறுக்க வழியில்லாமல் கிளைவ் ஏறி உட்கார்ந்தான். இருக்கைக்குப் பக்கத்தில் இரண்டு கைப்பிடிகள் இருந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று வளைந்த ஸ்பேனர். சிவப்பை இழுத்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஸ்பேனரை இழுத்தான், தள்ளினான். இரண்டையும் சேர்த்து இழுத்தான். யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. துரு பிடித்திருக்கும் என்றான். புது வண்டி என்றார் வாரிக்.

"அவசரமில்ல, கிளைவ். நிதானமா தேடு" என்றாள் வெர்னா. "எனக்கு வேற வேலை இல்ல."

அவன் டாஷ்போர்டின் அடியில் தடவினான். தலைக்குமேல் தேடினான். ஐந்து நிமிடம் இருக்கும். ஒரு மனிதன் ஐந்து நிமிடம் எல்லோர் முன்னாலும் ஒன்றைத் தேடுவதைப் பார்ப்பது எவ்வளவு நீளமானது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். எனக்கே இரக்கம் வரப் பார்த்தது. வெர்னாவைப் பார்த்தேன், அவளுக்கு வரவில்லை. கடைசியில் அவன் சாய்ந்து ரகசியமாக எதையோ கேட்டான். மைக் சட்டையில் இருப்பதை மறந்துவிட்டான். மைதானம் முழுக்க ஒலிபெருக்கி அதைச் சொன்னது.

"எந்தக் கைப்பிடி, வெர்ன்?"

"ரெண்டுமில்ல. ஓட்டறவனுக்கு ரெண்டு கையும் ஸ்டியரிங்ல வேணும்னு எவனுக்கும் தோணலையா? இறங்கு."

அவன் இறங்க, அவள் ஏறினாள். பின்னால் நிற்பவர்களை விலகச் சொல்லிவிட்டு, இடதுகால் குதிகாலால் தரையில் ஒரு உதை கொடுத்தாள். வால் வந்ததை நான் பார்க்கவில்லை. வெடிச் சத்தம் ஒன்று கேட்டது. அடுத்து நானும் முன்வரிசை முழுக்கவும் நனைந்திருந்தோம், பீப்பாய் இரண்டாகக் கிழிந்து கிடந்தது. தாது லாரியின் ஸ்பிரிங் பட்டைகள் பன்னிரண்டை அடுக்கி, கம்பி சுற்றும் வின்ச்சால் முறுக்கிவைத்து, காலடியில் ஒரே ஒரு இரும்பு ஆணியால் பிடித்து நிறுத்தியிருந்தாள். அவ்வளவுதான் ரகசியம்.

வாரிக் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "படத்தை யாரும் வேகமா ஓட்டல" என்றார். பிறகு மெதுவாக, தனக்கே சொல்வதுபோல, "வண்டி ஒண்ணுதான். சுருளைத் திருப்பிப் போட்டிருக்கான்" என்றார்.

எல்லோரும் கிளைவைப் பார்த்தார்கள். எத்தனை வருடம் ஆச்சு, மறந்துவிட்டது என்று அவன் ஆரம்பித்தான்.

"சரி, அதை விடு" என்றாள் வெர்னா. "அந்த ஏழு வாரம் நீ என்ன செஞ்சே? அது ஞாபகம் இருக்கும். சொல்லு."

வெள்ளைத் தொப்பியின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவன் வாரிக்கைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். ஒருவரும் அவனுக்கு உதவ வரவில்லை.

"ரேஸ் கேட்டேன்" என்றான்.

"அப்புறம்?"

"சாண்ட்விச்." மூச்சை இழுத்தான். "சாண்ட்விச் வாங்கிட்டு வந்தது நான்தான். இவ வண்டிக்கடியில படுத்திருப்பா. நான்தான் வாங்கிட்டு வருவேன்."

"வண்டிய யார் கட்டினது?"

"நீதான்."

"பேர் சொல்லு. இங்க பாதிப் பேருக்கு என்னைத் தெரியாது."

"வெர்னா கிட்டோ" என்றான் கிளைவ். ஒலிபெருக்கி அதைச் சொல்லி முடித்து, மைதானத்தின் மறுகோடியிலிருந்து இன்னொரு முறையும் சொன்னது.

ஊர் இதைக் கொண்டாடியது என்று நினைத்துவிடாதீர்கள். வந்தவர்கள் கொண்டாடினார்கள். முப்பத்தொரு பேரும் கீலைக் கழற்றி மாற்ற வேண்டுமே என்று முனகிக்கொண்டே அவளுடைய கோணல் வெல்டிங்கைப் படம் எடுத்தார்கள். உள்ளூர்க்காரர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். பெண்டாட்டியைக் கூலிக்கு விட்டுவிட்டு ஆர்ச்சி நாற்பது வருடம் எங்களோடு உட்கார்ந்து குடித்திருக்கிறான் என்றார்கள் பழைய சுரங்கத்துக்காரர்கள். அந்த விதி செத்தே நாற்பது வருடம் ஆகிறது. இருந்தும், அடுத்த வெள்ளிக்கிழமை கிளப்பில் மாட்டியிருந்த ஆர்ச்சியின் படத்தை யாரோ சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள். வெர்னா போய் அதை நேராக்கினாள். அதன் கீழேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். யாரும் அவளோடு பேசவில்லை. மூன்று வாரம் தினமும் போய் அங்கேயே உட்கார்ந்தாள். ஆர்ச்சிக்கு இது பிடித்திருக்காது என்று அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னாள், "அவனுக்குச் சொன்னதை நான் செஞ்சேன். செத்தப்புறம் இது என் முறை" என்று. நான்காவது வாரம் படத்தை யாரும் தொடவில்லை.

கிளைவை எல்லோரும் மறந்துவிடுவார்கள், அவனும் வீட்டுக்குள் முடங்கி ஒருநாள் கண்ணை மூடிவிடுவான் என்று நான் நினைத்தேன். அந்தக் குளிர்காலத்தில் அவனுக்கு நெஞ்சில் வலி வந்தது. கண்ணும் மங்கி, ஓட்டுநர் உரிமத்தை வாங்கிக்கொண்டார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மருத்துவமனைக்குப் போகவேண்டும், கூட்டிப்போக ஆளில்லை. வெர்னா போய் நின்றாள். தானே கூட்டிப்போவதாகச் சொன்னாள். மன்னித்துவிட்டாள் என்று அம்மா கண்கலங்கினாள். எனக்குச் சந்தேகம்தான், நேராகவே கேட்டுவிட்டேன்.

"மன்னிக்கறதா?" என்றாள். "நாப்பத்திநாலு வருஷம் அவன் அதைச் செஞ்சவனா வாழ்ந்தான். செய்யாதவனா ஒரு வருஷம்கூட வாழாம போயிட்டா எப்படி? மாத்திரை எல்லாம் ஒழுங்கா சாப்பிடறானான்னு நான்தான் எண்ணிப் பாக்கறேன்."

ஆகவே பதினைந்து நாளுக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, வெர்னாவின் தேள் வாலைத் தூக்கிக்கொண்டு பெரிய தெரு வழியாகப் போகும். மருத்துவமனைக்குக் குறுக்குவழி உண்டு, அவள் அதில் போவதில்லை. தபால் நிலையத்துக்கு எதிரே, வெளியூர்க்காரர்கள் கூடும் இடத்தில், வண்டியை நிறுத்தி ஏதாவது வாங்கப் போவாள். ஜன்னல் பக்கம் மடியில் தொப்பியோடு உட்கார்ந்திருப்பவன் கிளைவ். போன வாரம் நானும் அங்கே நின்றேன். இரண்டு இளைஞர்கள் ஓடிவந்து வண்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, இதை நீங்களா கட்டினீர்கள் என்று அவனிடம் ஆசையாகக் கேட்டார்கள்.

அவன் உதடு அசைந்தது.

கடை வாசலில் பால் டப்பாவோடு நின்றிருந்த வெர்னா தெருவைத் தாண்டிக் குரல் கொடுத்தாள்.

"அவங்களுக்குக் கேக்கல, கிளைவ்."